இருபத்து நான்கு பவளத் துண்டுகள்

ஜூன் 2, திங்கள்

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். கப்பல் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம், ஷிஃப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்த வீட்டில் நடக்கும் கூத்தையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

கூத்து என்றால் மீன்தொட்டி. அப்படிச் சொல்லக் கூடாதாம். "இது ரீஃப் தொட்டிப்பா, பவளம் வளக்குறது. மீன் சும்மா துணைக்கு" என்று மகள் தேவிகா ஒவ்வொரு தடவையும் திருத்துகிறாள். ஆக, வரவேற்பறையில் என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இப்போது மூன்றடி நீளத்துக்குக் கடல். என் நாற்காலி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். கடலைக் குளிர வைக்க ஒரு இயந்திரம், அது பகலெல்லாம் உறுமுகிறது. எனக்கு மின்விசிறி, பவளத்துக்கு ஏர்கான்.

இன்று அந்தப் பவளத்தை வெட்டினாள். உள்ளங்கை அளவு, கத்தரிப்பூ நிறம், மேலே பச்சைப் புள்ளிகள். பதினான்கு மாதமாகக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்ததை ஒரு குறடால் நறுக்கு நறுக்கென்று நறுக்கினாள். இருபத்து நான்கு துண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. ஒவ்வொன்றையும் ஒரு சிமெண்டு வில்லையில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டித் தொட்டிக்குள் வரிசையாக அடுக்கினாள்.

"நல்லா இருந்தத எதுக்கும்மா வெட்டுன?"

"சின்னதா வெட்டினாத்தான்பா வேகமா வளரும். ஒரே தாய்த் துண்டுங்கள பக்கத்துல பக்கத்துல வச்சா திரும்ப ஒண்ணா சேந்துக்கும்."

"சேரப் போறத எதுக்கு வெட்டணும்?"

அவள் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு, "இது இருபத்து நாலும் பிழைச்சா, நானும் ஒரு விஷயத்த ஒழுங்கா செஞ்சேன்னு அர்த்தம்" என்றாள். பெரிய கம்பெனியில் ஆடிட்டர். முப்பத்தொரு வயது. பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கோப்பிக் கடையில் தணிகாசலம் அண்ணன். என் சம்பந்தி, மாப்பிள்ளை சுதாகரின் அப்பா. அதற்கு முன்னால் பட்டறையில் இருபது வருஷம் என் சூப்பர்வைசர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அவர் குரலைக் கேட்டால் நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

"கோவிந்து, பொண்ண எப்ப அனுப்புற? சுதாகர் பாவம்ப்பா, தனியா கெடந்து கஷ்டப்படுறான். ஆள் மாறிட்டான்."

"சரி அண்ணே. பேசிப் பாக்குறேன்."

பதினான்கு மாதத்துக்கு முன்னால் தேவிகா ஒரு பெட்டியும் மூடி போட்ட ஒரு வாளியுமாக வந்து நின்றாள். "எத்தன நாளைக்கும்மா?" என்று கேட்டேன். வாளியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பிடித்தவன் நான். ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவனும் நான்தான்.

ஜூன் 9, திங்கள்

தேவிகா அலுவலக வேலையாக ஜொகூருக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் பக்கத்து நாடுதான், ஆனால் தினமும் எல்லையில் வரிசையில் நின்று வருவதாக இருந்தால் அவள் வேலை பார்த்த மாதிரிதான்.

தொட்டி என் பொறுப்பு. ஃபிரிட்ஜில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாள். சாராம்சம் இதுதான்: கடல்நீரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் கண்ணாடியில் போட்ட கோடு வரை சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. சமையலறை வடிகட்டியிலிருந்து நீல பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்திருப்பதை மட்டும்.

"கைய உள்ள விடாதீங்கப்பா. துருப்பிடிக்கிற சாமான் எதுவும் கிட்ட வரக் கூடாது."

"நான் கப்பலையே பாத்தவன்மா."

"கப்பல் வேறப்பா" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

செராங்கூன் ரோட்டில் செம்புப் பானை வாங்கினேன். மூடியும் குழாயும் வைத்தது, ஐந்து லிட்டர் பிடிக்கும். செம்பில் வைத்த தண்ணீர் மூட்டு வலிக்கு நல்லது என்று பட்டறை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். புளி போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று இருக்கிறது.

கமலவேணி ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவியின் பார்வைக்கு அகராதி போடலாம். "முட்டிக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடக்காம இருக்குறதுக்கு என்னென்ன வாங்குறீங்க பாருங்க" என்றாள்.

ஜூன் 11, புதன்

டிரம்மைத் திறந்தால் பிளாஸ்டிக் நாற்றம். இதைத்தான் அந்த உயிர்கள் குடிக்கின்றன. ஆடிட்டர் அம்மாவுக்கு இது தோன்றவில்லை.

டிரம் தண்ணீரைச் செம்புப் பானையில் ஊற்றி வைத்து, மறுநாள் எடுத்துத் தொட்டியில் விடுவதாக முடிவு செய்தேன். செம்பு துருப்பிடிக்காது, அவள் போட்ட சட்டமும் மீறப்படவில்லை. எனக்கு ஒரு டம்ளர், பவளத்துக்கு மூன்று லிட்டர். மூன்றடிக் கடல் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

தண்ணீர் விட்டேன். இருபத்து நான்கும் பச்சைப் புள்ளி விரித்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். வேலை இல்லாமல் எண்ணினேன், வேறொன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கண்ணாடியில் ஊரும் நத்தைகள் இரண்டு கீழே விழுந்து கிடக்கின்றன. நத்தை விழுந்தால் என்ன செய்வது என்று பட்டியலில் இல்லை. நீளக் கரண்டியால் நிமிர்த்தி வைத்தேன். மரக் கரண்டிதான்.

ஜூன் 17, செவ்வாய்

சிவப்புக் கோடு போட்ட இறால் செத்துவிட்டது. இரண்டு மீனும் ஜம்மென்று நீந்துகின்றன. தண்ணீர் கெட்டிருந்தால் மீன் அல்லவா முதலில் போக வேண்டும். ஆகத் தண்ணீரில் கோளாறு இல்லை. நேற்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கொசு மருந்துப் புகை அடித்தார்கள். அதுதான். ஜன்னலைச் சாத்தச் சொன்னால் இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்.

சாப்பிடும்போது சொன்னேன், ஒரு இறாலுக்கு இவள் என்ன பாடு படுத்தப் போகிறாளோ என்று. கமலவேணி தட்டை வைத்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுல்ல. அவ சுதாகர் வீட்டுல வச்சிருந்த தொட்டி இதவிடப் பெருசு. நாலு நாள் வேலையா பாங்காக் போனா. சண்ட போட்டுட்டுப் போனாளாம். திரும்பி வந்தா வீடு நாறுது. அவன் ப்ளக்கப் புடுங்கி விட்டுருந்தான். நாலு நாளும் பக்கத்துலயே உக்காந்து டிவி பாத்துருக்கான். இனிமே எங்கயும் போக மாட்டல்லன்னு கேட்டானாம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அந்த நாற்றத்தில் கையை விட்டுத் தேடி, உயிரோடு இருந்த ஒரு துண்டை எடுத்திருக்கிறாள். கட்டைவிரல் நகம் அளவு. அதுதான் வாளியில் வந்தது.

எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் புளி அதிகம்.

ஜூன் 18, புதன்

பச்சைப் புள்ளிகள் ஒன்றையும் காணோம். எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக் கிடக்கின்றன. மருந்துப் புகையை வெளியேற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தொட்டியிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்துக் கொட்டிவிட்டு, செம்புத் தண்ணீர் ஐந்து லிட்டரையும் விட்டேன். எனக்கென்று ஒரு டம்ளர் கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 19, வியாழன்

தேவிகா வீடியோவில் கூப்பிட்டாள். "எல்லாம் எப்படி இருக்குப்பா?"

"நல்லா இருக்கும்மா."

"காட்டுங்க."

மீனைக் காட்டினேன். மீன் நல்லபடியாக ஒத்துழைத்தது. சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுபத்தொரு விழுக்காடு இருந்தது.

ஜூன் 21, சனி

வந்துவிட்டாள்.

பையைக் கூடக் கழற்றவில்லை. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாதித் துண்டுகள் எலும்பாக வெளுத்துவிட்டன. மீதியில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம். திட்டுவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மருந்துப் புகை, நகரமன்றம், வெயில். ஒன்றும் கேட்கவில்லை. உப்பு பார்த்தாள், சூடு பார்த்தாள், குட்டிக் குட்டிக் குப்பிகளில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டு நிறம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

"கோடு வரைக்கும் ஊத்துனீங்களாப்பா?"

"ஒரு நாள் விடாம."

"தேங்க்ஸ்பா" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அவளேதானாம். பேராசைப்பட்டுச் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டாளாம். நாலு துண்டோடு நிறுத்தியிருந்தால் தாங்கியிருக்குமாம்.

"எங்கிட்ட எதுவும் நிக்காதும்மா" என்று கமலவேணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பு அலமாரி பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தைத்தான் படித்தேன்.

குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்குத்தானே ஒரு வருஷமாக ஏங்கினேன்.

ஜூன் 25, புதன்

தணிகாசலம் அண்ணன் கூப்பிட்டார். சுதாகர் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறானாம், அவளும் பதில் போட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பேசி முடித்துக் கையோடு அழைத்துப் போகிறார்களாம்.

"சரி அண்ணே, வாங்க."

தேவிகாவிடம் சொன்னேன். "வரட்டும்ப்பா. எங்க இருந்தா என்ன" என்றாள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். இதற்குத்தானே காத்திருந்தேன். கமலவேணி என்னோடு பேசவில்லை. பாத்திரங்களோடு பேசுகிறாள், சத்தமாக.

ஜூன் 26, வியாழன்

செம்புப் பானை உள்ளே கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்க்கக் குளியலறையில் உட்கார்ந்தேன். தேய்த்த தண்ணீர் பச்சை கலந்து ஓடியது. பழைய பட்டறைச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், நெஞ்சில் சிவப்புப் பெயிண்ட் கறை இன்னும் இருக்கிறது. கறையைப் பார்த்தேன். பானையைப் பார்த்தேன்.

கப்பலின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயிண்ட் அது. முப்பத்தெட்டு வருஷம் அதைத்தான் அடித்தேன். சிப்பியோ பாசியோ எந்தக் கடல் உயிரும் கப்பலில் ஒட்டிப் பிழைக்கக் கூடாது என்பதற்காக அடிப்பது. அதில் இருப்பது செம்பு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு டப்பாவைத் தட்டித் தட்டி நானே சொல்வேன், இதில் இருக்கும் செம்பு கடலில் கரைந்தால் ஓடு உள்ளது எதுவும் கிட்ட வராது, மீனுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது என்று. நத்தை விழுந்தது. இறால் செத்தது. மீன் நீந்தியது. எல்லாம் இந்த டைரியில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

என்னைவிட மடையன் இந்த ஈசூன் வட்டாரத்தில் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மூட்டு வலி. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 28, சனி

நேற்று எழுதியது பொய். மூட்டுக்கு ஒன்றுமில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். செத்தது செத்துவிட்டது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று. சொன்னால் அவள் கண்ணுக்கு நானும் அவனும் ஒன்றாகிவிடுவோம். அவன் ப்ளக்கைப் பிடுங்கினான், நான் தினமும் மூன்று லிட்டர் ஊற்றினேன். சொல்லாவிட்டால், தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு நாளை அந்த வீட்டுக்குப் போவாள். என் மானமா அவள் வாழ்க்கையா என்பதில் யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டிரம் தண்ணிய இதுல ஊத்தி வச்சுத்தாம்மா தொட்டில விட்டேன். பிளாஸ்டிக் நாத்தம்னு."

பானையைப் பார்த்தாள். "எத்தன நாளு?"

"பத்து நாளு. ஒரு நாள் அஞ்சு லிட்டர்."

"செம்பா?"

"செம்பு."

பானையின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் வெட்டுனது தப்பில்லையாப்பா?"

"நீ செஞ்சது எதுவும் தப்பில்லம்மா. வெட்டுனதும் தப்பில்ல, அங்கேருந்து வந்ததும் தப்பில்ல. நான்தான் ரெண்டுத்துலயும் தப்பு பண்ணேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள். அப்பா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா, பட்டியல் எதுக்கு ஒட்டினேன், தொட்டித் தண்ணி என்ன தீர்த்தமா, மூணு லிட்டர் செம்பு, மூணு லிட்டர் என்று. கால் மணி நேரம். பதினான்கு மாதத்தில் அவள் இந்த வீட்டில் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. கமலவேணி சமையலறை வாசலில் நின்று தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு திருப்தி.

கத்தி முடித்ததும் டாக்சி பிடித்துக் கடைக்குப் போய் வெள்ளைப் பஞ்சு அட்டை ஒன்று வாங்கி வந்தாள். தண்ணீர் அதன் வழியாக ஓட வேண்டும், செம்பு இருந்தால் அட்டை அதை உறிஞ்சி நீலமாகும். தொட்டி ஓரத்தில் செருகினாள். குளிரூட்டி திரும்ப உறுமியது. சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அட்டையின் ஓரம் நீலம் பூத்துவிட்டது, பள்ளிக்கூடச் சட்டைக்கு நீலம் போட்ட மாதிரி. நான் எழுதிய லாக் சரிதான்.

"நாளைக்கு அவங்க வர வேண்டாம்ப்பா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான்தான் வரச் சொன்னேன். நானே சொல்றேன்."

ஐந்து தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். ஐந்து தடவையும் வைத்துவிட்டேன். இருபது வருஷம் சூப்பர்வைசர்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே எழுப்பிவிட்டாள். புதிய கடல்நீர் ஒரு வாளி. வெளுத்ததை விட்டுவிட்டு, ஓரத்தில் உயிர் இருக்கும் சில்லுகளை மட்டும் வெட்டி எடுத்துப் புது வில்லைகளில் ஒட்ட வேண்டும். அவள் வெட்டுவாள், நான் வில்லையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பக்கம் எனக்கு ஆயுள் தடை. ஃபிரிட்ஜில் புதுப் பட்டியல், ஒரே வரி: அப்பா எதையும் ஊற்றக் கூடாது.

அரிசி அளவு சில்லு. அதன் மேல் ஒரு பச்சைப் புள்ளி பாதி வெளியே எட்டிப் பார்த்தது. பசை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஃபோன் அடித்தது. கமலவேணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் காதுக்குப் பக்கத்தில் நீட்டினாள். பெயரைப் பார்த்தவுடனேயே போட்டிருக்கிறாள், அவளைத் தெரியாதா எனக்கு.

"கோவிந்து, பத்து மணிக்குக் கெளம்புறோம். சாப்பாடு அங்கதான். பொண்ணு சாமான் எல்லாம் கட்டிட்டாளா?"

வாய் தானாக "சரி அண்ணே" என்று ஆரம்பித்தது. சரி வரைக்கும் வந்தும்விட்டது. தேவிகா குறடை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"சரிப்படாதுண்ணே. வராதீங்க."

"என்னது?"

"அவ வரல. இனிமேயும் அனுப்ப மாட்டேன். காரணத்த உங்க பையன்கிட்ட கேளுங்க, எந்த ப்ளக்கப் புடுங்குனான்னு. நானும் கேக்காமதான் இருந்தேன், அது என் தப்பு."

"கோவிந்து, யோசிச்சுத்தான் பேசுறியா? நான் யாருகிட்ட..."

"அண்ணே, வீட்டுல வேல நடக்குது. கை ஈரமா இருக்கு. வைக்கிறேன்."

ஆனால் வைக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வில்லையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கமலவேணி நிதானமாக ஃபோனை அணைத்துவிட்டு இட்லி ஊற்றப் போனாள்.

"கைய ஆட்டாதீங்கப்பா, சில்லு விழுந்துடும்" என்றாள் தேவிகா. என் விரலை மெல்லப் பிரித்தாள். கொஞ்சம் தோல் வில்லையோடு போய்விட்டது. திட்டிக்கொண்டே மற்றக் கையைக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

மொத்தம் ஒன்பது சில்லு. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.